2,500 ரூபாய்க்குள் வீட்டிலேயே புகையடுப்பு கட்ட முடியுமா?

ஓட்டைவாளி, கிருஷ்ணகிரி
வெள்ளி இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திமாப்பூரில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். அங்கே நாகா வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, பன்றிக்கறியை வாரக்கணக்கில் புகையில் தொங்கவிட்டிருப்பார்கள். வெளியே கரி மாதிரி கறுத்துப்போயிருக்கும். அதை மூங்கில் குருத்தோடு கொதிக்க வைத்தால் தெருமுனை வரை மணக்கும். அந்த ருசி நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு அதற்கு ஒரு வழியும் இல்லை.

கடையில் விற்கும் ஸ்மோக்கர் விலையைப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன். கையில் 2,500 ரூபாய் இருக்கிறது. அதைத் தாண்டினால் வீட்டில் என்னையே புகையில் தொங்கவிட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடமும் ஒரு மாமரமும் உண்டு. டிரில் மெஷின் இருக்கிறது, வெல்டிங் தெரியாது. பழைய ஜி.ஐ. தகரத் தொட்டி ஒன்றும் ஓடாத ஃபிரிட்ஜ் ஒன்றும் சும்மா கிடக்கின்றன. இரண்டில் எதில் தொடங்கலாம்?


பட்டறைக்காரர், கோவை
வெள்ளி இரவு 10.15

தம்பி, இரண்டும் வேண்டாம். ஃபிரிட்ஜின் உள்சுவர் பிளாஸ்டிக், அதற்குப் பின்னால் ஃபோம். சூடு பட்டால் உருகி வரும் புகையில்தான் உங்கள் கறி வேகும்.

ஜி.ஐ. என்பது இரும்புக்கு மேலே துத்தநாகப் பூச்சு. அந்தப் பூச்சை உரசி எடுக்காமல் வெல்டிங் வைத்தால் சாயங்காலம் குளிரும் ஜுரமுமாகத் தூக்கிப் போடும். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். பாலால் ஒன்றும் ஆகாது, ஜுரம் ஒன்றிரண்டு நாளில் தானாக விடும்.


சும்மாவந்தவன்
வெள்ளி இரவு 10.31

ஜி.ஐ. வாளியில் எங்கள் பாட்டி காலத்திலிருந்து வெந்நீர் போட்டுக் குளிக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?


பட்டறைக்காரர், கோவை
வெள்ளி இரவு 10.50

வெந்நீர் 100 டிகிரியைத் தாண்டாது. துத்தநாகம் 419-இல் உருகும், 907-இல் கொதிக்கும். காற்று நன்றாகக் கிடைத்த கரிக்கங்கு அந்த அளவுக்குச் சாதாரணமாகப் போகும். புகை மட்டும் போகிற வெளிக்குழாயில் ஜி.ஐ. இருந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். கங்கு தொடும் இடத்திலும் கறி தொடும் தட்டிலும் கூடாது. பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டை எடுத்துப் போடுவதும் வேண்டாம். அதன்மேல் என்ன முலாம் பூசினான் என்று நமக்குத் தெரியாது.


பனிக்காடு, டொராண்டோ
சனி காலை 6.05

இங்கே நாங்கள் செய்வது டிரம் ஸ்மோக்கர்தான். 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று கிடைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. வெல்டிங்கே இல்லாமல் போல்ட் நட்டை வைத்து முடித்துவிடலாம்.

டிரம்மின் அடியில் கரிக்கூடை. அதற்கு 7, 8 செ.மீ. உயரத்துக்குக் கால் வேண்டும், இல்லையென்றால் சாம்பல் சேர்ந்து காற்றை அடைத்துவிடும். கரியின் மேல்மட்டத்திலிருந்து கறித்தட்டு வரை ஏறக்குறைய 60 செ.மீ. விடுங்கள். இந்த இடைவெளியில்தான் கையை வைக்கக்கூடாது. கிட்ட வைத்தால் அது வெறும் கிரில், அடிப்பக்கம் கருகி மேலே பச்சையாக நிற்கும். டிரம்மின் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் முக்கால் இஞ்ச் ஓட்டை நான்கு. மூடியில் அரை இஞ்ச் ஓட்டை எட்டு. கணக்குப் போட்டால் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஏறக்குறைய ஒரே பரப்பு.

கீழ் ஓட்டைகளில் ஒன்றில் மட்டும் நிப்பிள் என்ற குட்டைக் குழாய்த்துண்டைப் போட்டு, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுகிற பால் வால்வு (ball valve) மாட்டுங்கள். மற்ற மூன்றுக்கும் வால்வு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒட்டும் தட்டைக் காந்தம் போதும், ஒட்டினால் அடைப்பு, நகர்த்தினால் திறப்பு. ஐந்து வருடமாக எனக்கு அதுதான் ஓடுகிறது. சூட்டில் காந்தம் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும், விழுந்தால் இன்னொன்று.

மேல் ஓட்டைகளை எப்போதும் முழுசாகத் திறந்தே வைக்க வேண்டும். சூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் கீழ்க்காற்றால்தான். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் புகை வெளியே போய் வீணாகிறதே என்று மேலே அடைப்பார்கள். நானும் அடைத்தேன். அன்றைக்குச் செய்ததை நாய்கூடத் தொடவில்லை.


ஓட்டைவாளி, கிருஷ்ணகிரி
சனி காலை 8.20

பனிக்காடு அண்ணா, நன்றி. டிரம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலைகள்தான். கூழ் ஏற்றுகிற டிரம்களில் அடிபட்டதையும் சொட்டை விழுந்ததையும் பழைய இரும்புக்கடையில் போடுவார்கள். கூழ் பை உள்ளே தனியாக இருப்பதால் டிரம்மில் ஒரு துளிகூடப் படாது. மூடியும் வளையம் போட்டு இறுக்குகிற வகை, அப்படியே கழன்று வந்துவிடும்.


பட்டறைக்காரர், கோவை
சனி காலை 9.02

அது அதிர்ஷ்டம். பொதுவாக எல்லோருக்கும் சொல்கிறேன்: முன்பு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை வாங்காதீர்கள். பூச்சிமருந்து, தின்னர், ஆசிட் வந்த டிரம் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மூடி கழலாத வகையில் மிச்சம் ஆவி நிற்கும். கிரைண்டர் பொறி பட்டால் குண்டு மாதிரி வெடிக்கும். காலி டிரம்தானே என்று வெட்டப்போய் உயிரை விட்டவர்கள் எங்கள் தொழிலில் உண்டு.

கூழ் டிரம் என்றாலும் உள்ளே லேசான பூச்சு இருக்கும், வெளியே பெயின்ட் உண்டு. முதலில் ஓட்டைகளைப் போடுங்கள். பிறகு நடுவெளியில் நிறுத்தி, விறகை வாய் வரை அடுக்கி, இரண்டு மணி நேரம் சிவக்கச் சிவக்க எரியுங்கள். ஆறிய பின் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் வெறும் இரும்பு தெரிய வேண்டும். பூச்சு பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு தடவை எரியுங்கள். எரியும்போது அந்தப் பக்கம் நிற்க வேண்டாம், துணி காய்கிற நேரமாகவும் இருக்க வேண்டாம். கடைசியில் உள்ளே கடலை எண்ணெய் தடவி, லேசான தீயில் இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரிதான்.


சிரட்டைப்புகை, மன்னார்
சனி மதியம் 1.30

புகை போட்டுச் சாப்பிடுவதை வெளியூர்ச் சாமான் போலவே எல்லோரும் கதைக்கிறீர்கள். மாசிக் கருவாட்டை மறந்துவிட்டீர்களா? சூரையைக் கீறி, உப்புத் தண்ணீரில் அவித்து, புகையில் போட்டு, பிறகு கட்டை மாதிரி ஆகும் வரைக்கும் வெயிலில் காயவைப்பது. மாலைதீவிலும் மினிக்கோயிலும் செய்வார்கள். எங்கள் வீட்டில் மாசி இல்லாமல் சம்பல் இல்லை.

என் தகப்பனார் இரண்டு தகரத்தை நிறுத்தி, மேலே கம்பி வலை போட்டு, கீழே பொச்சு மட்டையை, அதாவது தேங்காய் மட்டையை, புகையவிட்டு மீன் போடுவார். செலவு என்று ஒரு சதமும் இல்லை. உங்களுக்கு டிரம் எல்லாம் ஆடம்பரம், தம்பி!


ஓட்டைவாளி, கிருஷ்ணகிரி
சனி மதியம் 2.10

அண்ணை, மாசியைப் பற்றி உண்மையிலேயே நினைக்கவில்லை. ஆனால் இங்கே கடல் இல்லை, கே.ஆர்.பி. அணை ஜிலேபி மீன்தான். அதில் மாசி போடலாமா?


மீன்வாசம், தூத்துக்குடி
சனி மாலை 5.45

மீன் பதப்படுத்தும் இடத்தில் இருபது வருடம் இருந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசி கெடாமல் இருப்பது புகையால் மட்டும் இல்லை. அவிந்து, உப்பேறி, ஈரம் முழுக்கப் போய்விட்டதால். நீங்கள் டிரம்மில் மூன்று மணி நேரம் வைத்து எடுப்பது புகை மணம் ஏறிய வெந்த மீன், அவ்வளவுதான். அதை வெளியே தொங்கவிட்டு ஒரு வாரம் சாப்பிட நினைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து மூன்று, நான்கு நாளில் முடித்துவிடுங்கள். காற்று உறிஞ்சிய பையில் அடைத்து அலமாரியில் வைப்பது இதைவிட மோசம். காற்றில்லாத இடத்தில் வளர்கிற பாட்டுலினம் கிருமிக்கு அது சொந்த வீடு மாதிரி.

திமாப்பூர்ப் பரணை நினைத்து ஏங்குகிறவருக்கு இன்னொன்று. அடுப்புக்கு மேலே வாரக்கணக்கில் தொங்குவது வேறு வித்தை. தினம் மூன்று வேளை எரிகிற அடுப்பு, நாகா மலைகளின் குளிர், கறியின் கனம், அதன் பிறகு நீண்ட நேரக் கொதி, இதெல்லாம் சேர்ந்தது. கிருஷ்ணகிரி வெயிலில் இளஞ்சூட்டுப் புகையை முயற்சி செய்யாதீர்கள். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குப் பிடித்த இடம், அதில் மணிக்கணக்காக நிற்கக்கூடாது. மீன் என்றால் நடுச்சதை 63 டிகிரியைத் தொட்டு அரை மணி நேரம் அங்கேயே நிற்கட்டும். கோழி என்றால் தொடையின் தடித்த இடத்தில் 74.

அப்புறம் சூரை, அயிலை வாங்கிச் செய்கிறவர்களுக்கு: பிடித்ததிலிருந்து ஐஸில் இருந்த மீனாகப் பாருங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் சேரும். அதை வேகவைத்தாலும் புகை போட்டாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள், உண்மையில் மீனை வைத்திருந்த விதம்தான் கோளாறு. ஜிலேபியில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.


ஓட்டைவாளி, கிருஷ்ணகிரி
அடுத்த ஞாயிறு இரவு 8.55

டிரம் வந்துவிட்டது, எரித்தாகிவிட்டது, முதல் கோழியும் போட்டாகிவிட்டது. முதல் கோழி குப்பைக்குப் போனதும் ஆகிவிட்டது.

1,100 கேட்டார், 800-க்கு முடிந்தது. எரிக்கிற அன்று பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த மௌனம்தான் பயமாக இருந்தது. ஓட்டைகள் எல்லாம் பனிக்காடு அண்ணா சொன்ன கணக்குத்தான்.

ஒன்றரைக் கிலோ கோழி. முந்தின ராத்திரி லிட்டருக்கு 60 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன். மாமரத்தில் போன வாரம் வெட்டிய கிளையைத் துண்டு போட்டு, அதையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தேன், எங்கோ அப்படிப் படித்த ஞாபகம். மூடியில் 150 ரூபாய் முள் தெர்மாமீட்டர். வெள்ளைவெளேர் என்று புகை, கரி ரயில் போகிற மாதிரி. நன்றாகப் பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். முள் 110-ஐக் காட்டியது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால் கோழி தார் பூசின மாதிரி இருந்தது. ஒரு வாய் வைத்தேன், கசப்பு. நுனி நாக்கு மரத்துப்போனது. உள்ளே எலும்போரம் சிவப்பு வேறு.

எங்கே தப்பு?


பனிக்காடு, டொராண்டோ
திங்கள் காலை 5.30

விறகுதான் தப்பு. ஊறவைக்கச் சொன்னவன் கண்ணில் பட்டால் அனுப்பி வையுங்கள். ஈர விறகில் தண்ணீர் ஆவியாகி முடியும் வரை மரம் சரியாகப் பற்றாது, வெறுமனே பொசுங்கும். அந்த வெள்ளைப் புகையில் இருக்கும் தார்தான் கறியில் படிந்தது. நல்ல புகை கண்ணுக்கே சரியாகத் தெரியாது, மூடிக்கு மேலே லேசாக நீலம் ஓடும். அது வருகிற வரை கறியை உள்ளே வைக்காதீர்கள். என் டிரம்மில் அதற்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும்.

போன வாரம் வெட்டிய மாங்கிளை பச்சை விறகு. ஆறு மாதமாவது காய வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் கை முஷ்டி அளவில் நாலைந்து துண்டு போதும், மீதிச் சூடு எல்லாம் கரி தருவது. கரி முழுவதையும் பற்றவைக்காதீர்கள். கூடை நிறையப் பற்றாத கரி, அதன் மேல் பத்துப் பதினைந்து கங்கு. மேலிருந்து கீழே மெதுவாக இறங்கும். மண்ணெண்ணெய் பக்கமே போகக்கூடாது.


பட்டறைக்காரர், கோவை
திங்கள் காலை 7.15

அந்த முள் தெர்மாமீட்டரைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் வையுங்கள். உங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 500 மீட்டர், 98 காட்ட வேண்டும். என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள்.


ஓட்டைவாளி, கிருஷ்ணகிரி
திங்கள் காலை 7.48

122!


பட்டறைக்காரர், கோவை
திங்கள் காலை 7.55

அப்படியென்றால் நீங்கள் 110 என்று நினைத்தது 86. எலும்போரம் ஏன் சிவப்பு என்று இப்போது புரிகிறதா? டிரம்மில் 300 ரூபாய் மிச்சம் பிடித்தீர்கள் இல்லையா, அதையும் சேர்த்து ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒயர் நீளமாக, முனையைக் கறிக்குள் குத்தி வைக்கிற வகை. இரும்பை எங்கே வேண்டுமானாலும் பொறுக்கலாம், சூட்டைப் பொறுக்க முடியாது.


சும்மாவந்தவன்
திங்கள் இரவு 9.20

மாமரம் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? எங்கள் பக்கம் வேலிக்காத்தான் தவிர ஒன்றும் இல்லை.


பனிக்காடு, டொராண்டோ
செவ்வாய் காலை 6.10

சிரிக்காமல் கேளுங்கள். டெக்சாஸில் மாட்டிறைச்சிக்குப் பெயர்போன மெஸ்கீட் விறகு உங்கள் வேலிக்காத்தானின் பங்காளிதான், இரண்டும் புரோசோபிஸ் இனம். இங்கே அதைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பையில் அடைத்து விற்கிறார்கள். நீங்கள் அதை ஒழிக்கச் சொல்லி நீதிமன்றம் வரை போகிறீர்கள். புகை கொஞ்சம் காரமானது, அளவாகப் போடுங்கள். கரியாக எரிப்பதற்கு அதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம்.


சிரட்டைப்புகை, மன்னார்
செவ்வாய் காலை 10.00

சிரட்டையும் பொச்சு மட்டையும் எங்கும் கிடைக்கும். சிரட்டை என்றால் நீங்கள் கொட்டாங்குச்சி என்று சொல்வது. சிரட்டைக் கரிச் சூடு நின்று பிடிக்கும். கொய்யா, புளி சரி, முருங்கை தவிர வேறு எந்தக் காய்ந்த பழமரமும் சரி. அரளியைக் கையாலும் தொடாதீர்கள், நஞ்சு. வேம்பு கசக்கும். தைலமரம் போட்டால் மீன் இருமல் மருந்து மாதிரி மணக்கும். முந்திரிக் கொட்டைத் தோடும் வேண்டாம், அதன் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பேக்கிங் கட்டை இதெல்லாம் சொல்லவே வேண்டியதில்லை.


மாடிவீடு, சென்னை
செவ்வாய் இரவு 8.30

டிரம் வைக்க இடமில்லாதவர்களும் இருக்கிறோம்! மூன்றாவது மாடி, அடி அகலத்தில் ஒரு பால்கனி. ஏதாவது வழி?


மீன்வாசம், தூத்துக்குடி
செவ்வாய் இரவு 9.10

பால்கனியில் வேண்டாம், அம்மா. கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, கதவைத் தாண்டி வீட்டுக்குள் வந்தால் தெரியாது. மொட்டை மாடிக்குப் போக அனுமதி இருந்தால், பூச்சு இல்லாத பெரிய வாயகன்ற மண்பானை ஒன்று வாங்குங்கள். அடியில் மணல், அதன்மேல் சின்னச் சட்டியில் கங்கு, வாயில் எவர்சில்வர் கம்பித் தட்டு, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து மூடி. சட்டியின் ஓரத்தில் ஒரு சில்லை வைத்துத் தூக்கிவிட்டால் புகை போக வழி. பானையின் பக்கத்தில் அடியோரமாக இரண்டு விரல் நுழைகிற அளவில் ஓர் ஓட்டை, கீழ்க்காற்றுக்கு. குயவரிடமே ஈரமண்ணில் போட்டுத்தரச் சொல்லுங்கள், சுட்ட பானையில் துளைத்தால் விரிசல்தான். மீன் துண்டு, பன்னீர், முட்டை, சீஸ் அளவுக்கு அது போதும்.


சும்மாவந்தவன்
புதன் காலை 11.40

புகையில் போட்டால் கேன்சர் வரும் என்கிறார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.


மீன்வாசம், தூத்துக்குடி
புதன் மாலை 6.25

இந்த முறை நல்ல கேள்வி. மரம் அரைகுறையாக எரியும்போதும், கொழுப்பு கங்கில் சொட்டி எரியும்போதும் பென்சோபைரீன் மாதிரிக் கேன்சர் உண்டாக்கும் சில பொருள்கள் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் புகையிட்ட கறிக்கும் மீனுக்கும் அதன் உச்சவரம்பைக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2 ஆகக் குறைத்தது. ஏற்றுமதிக்காரர்களுக்கு அப்போது தூக்கம் போனது.

மேற்கு ஆப்பிரிக்காவில் இதே பிரச்சினை பெரிதாக இருந்தது. கானாவின் சோர்க்கோர் கடற்கரையில் பெண்கள் பயன்படுத்திய களிமண் அடுப்பை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு மேம்படுத்தி ஊர் ஊராகப் பரப்பியது. விறகு மிச்சமானது, ஆனால் தீ நேராக மீனுக்குக் கீழேயே இருந்தது. பிறகு செனகலில் உருவாக்கிய தியாரோய் அடுப்பில் சொட்டும் கொழுப்பைத் தனித் தட்டில் பிடித்து, புகையையும் தனியாக உண்டாக்கி உள்ளே விட்டார்கள். வீட்டுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: கரிக்கும் கறிக்கும் நடுவில் ஒரு பழைய இரும்புத் தட்டை வைத்துக் கொழுப்பைப் பிடியுங்கள். மாதம் இரண்டு தடவை சாப்பிடுகிறவர் தினமும் அரைப் பாக்கெட் சிகரெட் பிடித்துக்கொண்டே இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.


சும்மாவந்தவன்
புதன் மாலை 6.40

அது எனக்கா?


ஓட்டைவாளி, கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு 9.30

இரண்டாவது தடவை. ஒரு வருடமாக மாட்டுக்கொட்டகைக் கூரையில் கிடந்த மாங்கட்டையை மாமனார் வீட்டிலிருந்து எடுத்துவந்தேன். கூடையில் வேலிக்காத்தான் கரி, மேலே பன்னிரண்டு கங்கு. நாற்பது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைப் புகை மெல்ல அடங்கி, ஒரு கட்டத்தில் ஒன்றுமே இல்லை போலிருந்தது. வெயில் பின்னாலிருந்து பட்டபோதுதான் அந்த நீலம் தெரிந்தது.

கோழியை முதுகெலும்பு வெட்டி விரித்து, உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஃபிரிட்ஜில் மூடாமல் ராத்திரி முழுக்கக் காயவைத்திருந்தேன். தோல் விரலில் ஒட்டுகிற பதம். கீழ்க் காந்தம் இரண்டை அடைத்து, வால்வைப் பாதி திறந்தால் தட்டில் 115-இல் நின்றது. மதியம் காற்றடித்தபோது ஒரே மூச்சில் 140-க்குப் போனது. வால்வைக் கால்வாசியாக்கினேன், இறங்க இருபது நிமிடம் ஆனது. இந்த வண்டிக்கு பிரேக் மெதுவாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே மிதிக்க வேண்டும். மூன்று மணி பத்து நிமிடத்தில் தொடை 76.

நிறம் தேக்கு மாதிரி. சதை ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு வளையம். போன தடவை பச்சை பார்த்த பயத்தில் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தேன், எல்லாம் வெந்திருந்தது. தோல் மட்டும் ரப்பர். கடைசிக் கால் மணி நேரம் எல்லாக் காற்றையும் திறந்து சூட்டை ஏற்றியிருக்க வேண்டும்.

திமாப்பூர் ருசி வரவில்லை. வராது என்று மீன்வாசம் அக்கா சொன்னது சரிதான். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கால் கொடுத்தேன். அவர் மகன் சுவரேறி வந்து அடுத்து எப்போது என்று கேட்டுவிட்டுப் போனான்.

கணக்கு: டிரம் 800, கூடைக்குக் கழிவு டைமண்ட் ஜாலி (சாய்சதுரக் கண் வைத்த இரும்பு வலை) எடைக்கு 220, கால் வைக்கப் பட்டறைக் கூலி 400, எவர்சில்வர் கம்பித் தட்டு 350, நிப்பிளும் வால்வும் 180, போல்ட், காந்தம் 60, டிஜிட்டல் தெர்மாமீட்டர் 550. மொத்தம் 2,560. முதல் கோழியையும் அந்த 150 ரூபாய் முள்ளையும் வீட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை.


சிரட்டைப்புகை, மன்னார்
ஞாயிறு இரவு 10.05

அடுத்தது ஜிலேபிதானே? குடலெடுத்து, முதுகைப் பிளந்து விரித்து, மஞ்சளும் உப்பும் மட்டும். மிளகாய்த்தூள் பூசாதீர்கள், புகையில் கசக்கும்.


மாடிவீடு, சென்னை
திங்கள் காலை 7.20

எங்கள் அசோசியேஷனில் மொட்டை மாடிக்கு அனுமதி வாங்கிவிட்டேன். பானை வேண்டாம், டிரம்தான் வேண்டும். அங்கே இன்னொன்று கிடைக்குமா? சென்னை வருகிற லாரியில் ஏற்றிவிட முடியுமா?


ஓட்டைவாளி, கிருஷ்ணகிரி
திங்கள் காலை 7.45

கடையில் ஏழெட்டு கிடந்தது. மாமனாருக்கு ஒன்று வாங்க சனிக்கிழமை போகிறேன். வேண்டுமென்றால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், சொட்டை குறைவானதாகப் பார்த்து எடுக்கிறேன். எரித்துத் தரச் சொல்லாதீர்கள். அந்த வேலையை இன்னொரு தடவை செய்தால் பக்கத்து வீட்டு அக்கா இந்த முறை பேசிவிடுவார்.